மானம் போகும் என்று சொல்லி வாயை மூட வைக்காதீர்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். பாதி வாசித்துவிட்டுச் சந்தியில் நின்று கதைக்க வேண்டாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரி, தனக்கு முன்பு உளவளத்துணை வழங்கிய ஒருவர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் போடுகிறோம். பெயர் இல்லை, இடம் இல்லை, நிலையம் இல்லை. அவர் எந்தச் சமயம் என்றும் சொல்ல மாட்டோம். நடந்ததன் விபரங்கள் சட்டத்தரணிக்கும் பொலிசுக்கும் சொல்ல வேண்டியவை, முகநூலுக்கு அல்ல. இவ்வளவு மட்டும் சொல்கிறோம்: மனம் உடைந்து உதவி தேடிப் போன இடத்தில், கதவைச் சாத்திய அறைக்குள் நம்பிச் சொன்ன விடயங்களைப் பிடியாக வைத்துக்கொண்டு அந்த மனிதர் எல்லை மீறினார். சகோதரி போவதை நிறுத்தியதும் அந்த விடயங்கள் வெளியில் உலாவத் தொடங்கின.

இது நாலு பேருக்குத் தெரிய வந்ததிலிருந்து அறிவுரைக்குக் குறைவில்லை. ஒரு பெரியவர் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துச் சொன்னார். இன்னொருவர் கோயில் வீதியில் வைத்துச் சொன்னார். இரண்டு பேரும் சொல்லி வைத்தது போல ஒரே வசனம்: "உதுக்குப் போய்க் கோடு கச்சேரி எண்டு ஏறி இறங்கப் போறியளே? விட்டுத் தள்ளச் சொல்லுங்கோ." மற்ற எல்லா விடயத்திலும் பிரிந்து நிற்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். அந்த அறிவுரைகளுக்குத்தான் இந்தப் பதில்.

முதலாவது அறிவுரை, மானம். குடும்ப மானம் போய்விடுமாம்.

சந்தையில் ஒருவருடைய கடையை உடைத்துத் திருடினால், கடைக்காரரின் மானம் போய்விட்டது என்று யாராவது சொல்கிறோமா? கள்ளனைப் பிடிக்கச் சொல்கிறோம். ஒரு பெண்ணின் நம்பிக்கையை உடைத்தால் மட்டும் மானம் ஏன் அவள் பக்கத்திலிருந்து போகிறது? தவறு செய்தவருடைய மானத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் எங்களிடம் கவலைப்படவில்லை. அவர் வழமை போல வெள்ளைச் சேட்டுடன் கூட்டங்களுக்குப் போய் வருகிறார்.

இந்த மண்ணில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியை இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்துக் கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் மாணவி வித்தியா. அப்போது வடக்கு முழுவதும் கடை பூட்டியது, பாடசாலைப் பிள்ளைகள் பதாகையோடு வீதிக்கு வந்தார்கள். 1998இல் கிருஷாந்தி வழக்கிலும் 2017 செப்டெம்பரில் வித்தியா வழக்கிலும் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நீதி கேட்டது சரி என்று இன்றும் எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இல்லை. செத்தவளுக்காகக் கடை பூட்டும் ஊர், உயிரோடு இருக்கிறவள் நீதி கேட்டால் வாயைப் பூட்டச் சொல்கிறது. இதில் எங்கே இருக்கிறது மானம்?

இரண்டாவது அறிவுரை கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுகிறது: "அவவும் விரும்பித்தானே போனவ?"

ஆம், விரும்பித்தான் போனார். வருத்தம் மாற்ற விரும்பிப் போனார். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்ததால், வைத்தியர் என்ன செய்தாலும் சம்மதம் என்று ஆகிவிடுமா? உளவளத்துணை அறையில் ஒருவர் திறப்பது வாயை அல்ல, வாழ்க்கையை. கணவரிடம் சொல்லாததை, உம்மாவிடம் அம்மாவிடம் சொல்லாததை அங்கே சொல்கிறார். அப்படிச் சொல்லச் சொல்ல, தந்தை மேலோ கணவர் மேலோ இருந்த பாசமும் பயமும் கேட்டுக்கொண்டிருக்கிறவர் மேல் சாயும். ஃபிராய்ட் காலத்திலிருந்தே இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அந்தச் சாய்வை விளங்கிக்கொண்டு எல்லைக்குள் வைத்திருக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்துகிறவர் தவறுதலாக வழுக்கி விழுந்தவர் அல்ல, தெரிந்து செய்தவர்.

நாங்கள் ஆசிரியர்கள். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் ஆசிரியர் ஒருவர் தவறாக நடந்துவிட்டு, "பிள்ளையும் சிரிச்சுத்தான் கதைச்சது" என்று சொன்னால், நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? பாடசாலை வாசலில் திரண்டு நிற்க மாட்டீர்களா? அங்கே வயது, இங்கே வருத்தம். இரண்டு இடத்திலும் ஒருவர் கையில் பலம், மற்றவர் கையில் நம்பிக்கை மட்டும்.

இதை உலகம் எப்போதோ சட்டமாக்கிவிட்டது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலம் 1984இலும் மினசோட்டா 1985இலும் சிகிச்சை பெறுபவரோடு பாலியல் தொடர்பு வைக்கும் சிகிச்சையாளரைக் குற்றவாளியாக்கின. ஜெர்மனி 1998இல் அதையே செய்தது. "அவரும் சம்மதித்தார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் உளவளத்துணையாளருக்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. அதிகாரமுள்ள ஒருவர் வேலைத்தளத்திலோ வேறு எந்த இடத்திலோ சொல்லாலும் செயலாலும் செய்யும் விரும்பத்தகாத நெருக்கமும் அதற்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஐந்து வருடம் வரை சிறை. இதைவிடப் பாரதூரமான செயல்களுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன.

மூன்றாவது அறிவுரைதான் மிகவும் கொடியது: "மனநோய்க்கு மருந்து எடுத்த ஆள் சொல்லுறதை எந்தக் கோட்டில நம்புவினம்?"

இதைச் சொல்லித்தான் உலகம் முழுவதும் இப்படிப்பட்டவர்கள் தப்பி வந்திருக்கிறார்கள். நியூயோர்க்கில் ஜூலி ரோய் என்ற பெண் தன்னுடைய மனநல வைத்தியர் ரெனாட்டஸ் ஹார்டொக்ஸ் மீது வழக்குப் போட்டார். நோயாளியின் கற்பனை என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். 1975இல் ஜூரிகள் அந்தப் பெண்ணை நம்பினார்கள். 350,000 டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேல் நீதிமன்றம் அதை 25,000 ஆகக் குறைத்தது உண்மை. ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இது "இரண்டு பேருக்குள் நடந்த விடயம்" என்று சொல்லி மறைப்பது கடினமாகிவிட்டது.

பிரித்தானியாவில் யோர்க் நகரத்தில் வில்லியம் கெர், மைக்கல் ஹாஸ்லம் என்று இரண்டு மனநல வைத்தியர்கள். கெர் மீது 1960களிலிருந்தே பெண்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். குடும்ப வைத்தியரிடம் சொன்னார்கள், தாதியரிடம் சொன்னார்கள். "அவளுக்கு வருத்தம், அதுதான் இப்படிச் சொல்லுறாள்" என்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கெர் 1988இல் மரியாதையோடு ஓய்வு பெற்றார். ஹாஸ்லம் 2003இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2005இல் விசாரணை அறிக்கை வெளிவந்தபோது கெரைப் பற்றி மட்டும் 60இற்கும் மேற்பட்ட பெண்கள் சொல்லியிருந்தது தெரிந்தது. முதல் ஒருத்தி சொன்னபோதே காது கொடுத்திருந்தால் மற்றவர்களுக்கு அது நடந்திருக்காது.

வருத்தம் உள்ளவர் என்பதால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. வருத்தம் உள்ளவர் என்பதால்தான் அந்த மனிதர் அவரைத் தெரிவு செய்தார்.

நான்காவது: "பள்ளி நிர்வாகத்தில சொல்லி, ஊர்ப் பெரியவங்களை வைச்சுப் பேசித் தீர்ப்பம்."

வேலித் தகராறு பேசித் தீர்க்கலாம். கடன் கொடுக்கல் வாங்கல் பேசித் தீர்க்கலாம். அதற்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது. ஆனால் பாலியல் குற்றச்சாட்டைப் பேசித் தீர்த்தால் என்ன நடக்கும்? அந்த மனிதர் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார், இன்னொரு ஊருக்குப் போவார், அங்கே இன்னொரு பெயர்ப்பலகை தொங்கும்.

இந்தியாவில் நாக்பூரில் 2025 ஜனவரியில் உளவியலாளர் ஒருவர் கைதானார். சுமார் 15 வருடங்களாக, 50இற்கும் மேற்பட்ட மாணவிகளைத் துஷ்பிரயோகம் செய்து படம் காட்டி மிரட்டினார் என்பது பொலிசாரின் குற்றச்சாட்டு. வெளியில் வந்தது எப்படி? பழைய மாணவி ஒருவர் துணிந்து முறைப்பாடு கொடுத்ததால். பாதிக்கப்பட்டவர்கள் பலர் இப்போது திருமணமானவர்கள், அதனால் முன்வரத் தயங்குகிறார்கள் என்றும் செய்தி வந்தது. அந்தத் தயக்கத்தை அவர்களுக்கு ஊட்டியது யார்? எங்களைப் போன்ற ஊர்கள்தான். குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டும், அது வேறு. ஆனால் முறைப்பாடு இல்லாமல் எதுவுமே நிரூபிக்கப்படாது.

நம்பி ஒப்படைத்ததை அமானிதம் என்கிறோம். அதைப் பாதுகாப்பது கடமை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஒருவருடைய கண்ணீரும் இரகசியமும் அமானிதம்தான். அதில் மோசடி செய்தவரை ஜமாஅத்தின் பெயரால் மூடி மறைப்பது எந்த மார்க்கத்தில் இருக்கிறது?

இனி மறுபக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. "பெயரைச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கொள்ளுறம்", "படத்தைப் போடுங்க, வைரல் ஆக்குவம்" என்று உள்பெட்டியில் எழுதும் தம்பிமாரே, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த வழிக்கும் நாங்கள் வர மாட்டோம்.

2019இல் குருநாகலில் வைத்தியர் ஷாபி சிஹாப்தீனுக்கு என்ன நடந்தது என்பதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஒரு பத்திரிகைத் தலைப்பு, நாலாயிரம் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்ற கதை. மறுநாளே கைது. ஆதாரம் இல்லை என்று குற்றப்புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. கடைசியில் 2022இல் சம்பள நிலுவையைக் கொடுத்தார்கள். போன மூன்று வருடத்தை யார் கொடுப்பது? கூட்டம் சேர்ந்து தீர்ப்பு எழுதினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள். அதனால்தான் சட்டத்தின் வழியைச் சொல்கிறோம். அங்கே குற்றம் சாட்டியவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும், சாட்டப்பட்டவர் பதில் சொல்லலாம், ஆதாரத்தை நீதவான் பார்ப்பார். குற்றவாளிக்குத் தண்டனையும் அப்பாவிக்குப் பாதுகாப்பும் கிடைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். ஆகவே "ஆர் அந்தப் பொம்பிளை" என்று துருவித் திரிகிறவர்கள் கவனமாக இருங்கள்.

"இப்பிடி வழக்குப் போட்டால் உளவளத்துணைக்கே இனிச் சனம் போகாது" என்று ஒரு படித்தவர் சொன்னார். இதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் உளவளத்துணை எங்களுக்கு வேண்டும், நிச்சயமாக வேண்டும். 1990 ஒக்டோபரில் கையில் பையோடு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலைந்த தென்மராட்சிச் சனம், 2004 சுனாமி, 2009 வரை போர். இவ்வளவையும் சுமந்தவர்கள் நாங்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் குண்டு விழுந்த காலத்திலும் இங்கே இருந்து மனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள், ஊரூராக ஆட்களைப் பயிற்றுவித்தார்கள். இன்றும் எத்தனையோ நல்ல துணையாளர்கள் குறைந்த சம்பளத்தில் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பெயரைக் கெடுப்பது வழக்குப் போடுகிறவர் அல்ல. வழக்குப் போட வேண்டிய நிலைமையை உண்டாக்கியவர்தான். எங்கள் சகோதரி இன்று எந்த வைத்தியரிடமும் போக மறுக்கிறார். இரவில் நித்திரை இல்லை. துறையிலிருந்து ஆளை விரட்டியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது சட்டத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். பூச்சுப் பூசவில்லை.

நீதிமன்றம் வேகமான இடம் அல்ல. இலங்கையில் வைத்தியர் ஒருவர் மீதான கவனயீன வழக்குகளில் பெரிதாகப் பேசப்பட்டது பிரியானி சொய்சா எதிர் ரியென்சி அர்சகுலரத்ன வழக்கு. சிறு மகள் 1992இல் இறந்தாள். தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அதையும் நீக்கியது. தந்தை சட்டம் தெரிந்தவர், அவருக்கே அந்த நிலை. ஆகவே மனம் நொந்தது மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். குறுஞ்செய்தி, வட்ஸ்அப், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, போன திகதிகள், அந்த நேரத்தில் யாரிடமாவது சொல்லியிருந்தால் அவருடைய சாட்சி. எதையும் அழிக்கக் கூடாது. கோபத்தில் போனை உடைக்கக் கூடாது.

காலக்கெடுவும் இருக்கிறது. குற்றவியல் வழக்குக்கு 20 வருடம். ஆனால் நட்டஈடு கேட்கும் குடியியல் வழக்கை, 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் கட்டளைச் சட்டத்தின்படி, 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "கொஞ்சம் பொறுங்கோ, ஆறட்டும்" என்று சொல்கிற பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சகோதரிக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது. நீங்கள் ஆறப் போடுவது காயத்தை அல்ல, வழக்கை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பெண்களுக்கான 1938 இலக்கமும் மனநல உதவிக்கான 1926 இலக்கமும் இருக்கின்றன. எதிராளி பதிவு செய்த வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபைக்கு எழுதலாம். அரச உத்தியோகத்தர் என்றால் தாபன விதிக்கோவையின்படி அவருடைய திணைக்களத் தலைவருக்கு எழுதலாம். முறைப்பாடு கொடுத்தவரையும் சாட்சியையும் மிரட்டுவது தனிக் குற்றம், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

ஆனால் எதிராளி தனியாக அறை எடுத்துப் பலகை மாட்டியவர் என்றால்? இதுதான் பெரிய ஓட்டை. வைத்தியம் பார்ப்பதற்குப் பதிவு வேண்டும் என்று 1927ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்தது. உளவளத்துணையாளர் என்று பலகை மாட்ட அப்படி ஒரு அனுமதிப்பத்திரம் கேட்பார் இல்லை. பறிப்பதற்கு அனுமதிப்பத்திரமே இல்லாதவரிடம் எதைப் பறிப்பது? கேட்பாரில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடியை நினையுங்கள். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் மனநல விடுதியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் நெருப்பில் எரிந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் அரசு அந்த விடுதிகளைப் பூட்டியது. சங்கிலி அதற்கு முன்பும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் கிடந்தது.

ஆகவே எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் கேட்கிறோம். உளவளத்துணையாளர்களுக்குச் சட்டப்படி ஒரு பதிவேடு கொண்டு வாருங்கள். எங்கே படித்தார், யார் மேற்பார்வை, முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொரு அறையின் சுவரிலும் எழுதி வைக்கச் செய்யுங்கள். தேர்தல் நேரத்தில் வாக்குக் கேட்டு வரும்போது நாங்களும் இதைக் கேட்போம்.

எங்கள் சகோதரி இன்னும் முடிவு எடுக்கவில்லை. வழக்குப் போடுவாரா, முறைப்பாட்டோடு நிற்பாரா, ஒன்றும் வேண்டாம் என்று விடுவாரா என்பது அவருடைய முடிவு. வழக்குப் போடு என்று நாங்களும் அவரைத் தள்ளப் போவதில்லை. அவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது சட்டத்தை யோசித்து, தன் உடல்நலத்தை யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும். சந்தியில் நிற்கிறவர்களுக்குப் பயந்து எடுத்த முடிவாக இருக்கக் கூடாது.

உதவ விரும்புகிறவர்கள் பெயர் கேட்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் சேர்ப்போம். யாழ்ப்பாணத்துக்குப் போய்வர நம்பிக்கையான ஓட்டோக்காரர் ஒருவர் வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து சோறு கொடுத்து வைத்திருக்க ஒரு வீடு வேண்டும். பெண் சட்டத்தரணி யாராவது உங்களுக்குத் தெரிந்தால் தொடர்பு தாருங்கள்.